பட்டினப்பாக்கம் ஆஷா கடலில் இறங்கிய கதை

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஆஷா முதன்முதலாகக் கயிறு பிடித்து ஓடிய நாளில் நைட்டிதான் போட்டிருந்தாள். மேலே ஒரு துண்டு. காலில் செருப்புகூட இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியல். போட்டுகள் கரைக்கு வர இன்னும் நேரம் இருந்தது. மீன் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு லூப் ரோட்டின் ஓரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே விளக்குக் கம்பத்தடியில் ஒரு பெண் தனியாக நின்றாள். ஓடுகிறவர்கள் போடும் பனியன், ஷூ, இடுப்பில் மடக்கிச் செருகிய வெள்ளைக் கோல். இரண்டு முனையிலும் வளையம் போட்ட சின்னக் கயிறு ஒன்று கையில் இருந்தது. ஆஷா அவளைப் பல ஞாயிறுகளில் பார்த்திருக்கிறாள். அந்தக் கயிற்றின் ஒரு வளையம் அவள் கையிலும் மற்றது வேறொரு பெண்ணின் கையிலும் இருக்க, இருவரும் கலங்கரை விளக்கம் வரை ஓடிவிட்டு வருவார்கள். இன்று அந்த வேறொரு பெண்ணைக் காணோம்.

டீ கிளாஸை வைத்துவிட்டு ஆஷா போய் விசாரித்தாள். அவள் பெயர் அன்புக்கரசி. தேனாம்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. பத்து வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. கூட ஓடும் பெண்ணுக்குக் காய்ச்சலாம். ஆட்டோவில் வந்து இறங்கிய பிறகுதான் போன் வந்ததாம்.

கூட ஓடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஆஷா கேட்டாள்.

"பக்கத்துலயே ஓடணும். முன்னால இன்னா கீதுன்னு சொல்லணும். அவ்ளோதான்" என்றாள் அன்புக்கரசி.

"அவ்ளோதானா? அப்ப நான் வரட்டா?"

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஆஷா ஓடியதே இல்லை. நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரியாததால் கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னாள். நாய் ஒன்று நடு ரோட்டில் படுத்திருக்கிறது, ஒருவர் வலையைக் காயப் போட்டிருக்கிறார், அதில் பச்சை வலையும் இருக்கிறது நீல வலையும் இருக்கிறது, கடல் இன்றைக்குக் கறுத்துக் கிடக்கிறது. கொஞ்ச தூரத்தில் அன்புக்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷமாக இந்த ரோட்டில் ஓடுகிறாள். லெஃப்ட், ரைட், ஸ்டாப் என்பதைத் தவிர யாரும் எதுவும் சொன்னதில்லை. இங்கே வலை காயப் போடுவார்கள் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும்.

அடுத்த ஞாயிறு காய்ச்சல்காரப் பெண் குணமாகி வந்துவிட்டாள். ஆனாலும் அன்பு, ஆஷாவைத் தேடி வந்து கூப்பிட்டாள். கையில் ஒரு பழைய டிராக் பேண்ட் இருந்தது.

குப்பத்தில் இதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. மீன்காரிக்கு எதற்கு ஓட்டம் என்றார்கள். பக்கத்துக் கடை தேசம்மா, ஆஷா வரும்போதெல்லாம் விசில் அடிப்பாள். ஆஷாவின் கணவன் ஜான்சன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன், அதிகம் பேசாதவன். போட்டு வருவதற்குள் கடைக்குத் திரும்பிவிடுகிறாளா என்பதோடு அவன் கவலை முடிந்தது. அவள் திரும்பிவிடுவாள். வாரத்தில் ஒரு நாள் ஓட்டம் மூன்று நாளானது. அடையாறில் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அய்யாதுரை அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, இனி வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடக்கூடாது என்று கண்டித்து ஒரு ஜோடி ஷூ ஏற்பாடு செய்தார்.

இப்படி ஒரு வருஷம் போனது. ஒரு நாள் ஓடி முடித்துச் சாந்தோம் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தபோது, அன்பு தன் மனதில் வெகுநாளாக இருந்த ஆசையைச் சொன்னாள். டிரையத்லான் என்று ஒரு போட்டி. முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிள். அதை வைத்துவிட்டு ஓட்டம். மூன்றையும் நிற்காமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பார்வை இல்லாதவர்கள் ஒரு துணையோடு கலந்துகொள்ளலாம். பெண்ணுக்குப் பெண்தான் துணை. மூன்றுக்கும் அதே ஆள்தான். கடலில் நீந்தத் தெரிந்த பெண்ணைத் தேடித் தேடி அலுத்துவிட்டதாகவும், இத்தனை நாளாகப் பக்கத்திலேயே கடற்கரைக்காரி ஒருத்தி இருப்பது தனக்கு உறைக்கவில்லை என்றும் சொன்னாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது அன்பு" என்றாள் ஆஷா.

கேட்டவர்கள் யாரும் இதை நம்பியதில்லை. ஆனால் அதுதான் உண்மை. குப்பத்தில் கடலுக்குள் போவது ஆண்கள். பெண்களுக்குக் கடல் என்பது கரையில் வந்து சேரும் மீன்தான். அதோடு ஆஷாவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. சுனாமி வந்தபோது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு பூசை முடிந்து வந்து புதுப் பாவாடையைக்கூட மாற்றவில்லை. அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி ஒரு மாடி வீட்டில் ஏற்றினார். வீட்டில் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து ஆஷா முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீரைப் பட விட்டதில்லை. கடலுக்கு எதிரிலேயே குடியிருந்து, கடலையே நம்பிப் பிழைத்துக்கொண்டு, இருபது வருஷத்துக்கும் மேலாகக் கடலில் இறங்காமல் இருந்துவிட்டாள்.

அன்பு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தனக்கு நீச்சல் தெரியும், பள்ளிக்கூட விடுதியில் கற்றுக்கொண்டது, வேண்டுமானால் சொல்லித் தருகிறேன் என்றாள்.

மாநகராட்சி நீச்சல்குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் இருந்தது. முழுக்கை வைத்த நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வரவே ஆஷாவுக்கு அரை மணி நேரம் ஆனது. இந்தக் கோலத்தில் நிற்பதை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது. யாராவது பார்க்கிறார்களா என்று அன்பு கேட்டாள். எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள் என்று ஆஷா ஒப்புக்கொண்டாள்.

குளத்தில் இறங்கியதும் இருவரின் இடமும் மாறிப்போனது. ரோட்டில் ஆஷா சொல்ல, அன்பு கேட்பாள். தண்ணீரில் அன்பு சொல்ல ஆஷா கேட்டாள். கண் வேண்டாத இடம் அது. அன்பு அவள் பின்கழுத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். ஆஷாவின் உடம்பு மரக்கட்டைபோல் விறைத்தது.

"தலைய என் கையில குடுத்துடு அக்கா. நீயே தூக்கி வச்சிக்கினு இருக்காத" என்றாள் அன்பு.

தலையைக் கொடுக்க ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு மற்றதெல்லாம் மெல்ல வந்தது. மூச்சை நீருக்குள் விடுவது, தோளை உருட்டுவது, இருவர் தொடையிலும் ஒரு மெல்லிய கயிறு கட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் கை போடுவது. கோடை தொடங்கும்போது ஆஷா குளத்தின் நீளத்தை நிற்காமல் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள்.

சைக்கிள்தான் அவர்களைக் கவிழ்த்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் நீளமான சைக்கிள் ஒன்றை அய்யாதுரை எங்கிருந்தோ பிடித்து வந்தார். முன்னால் ஆஷா, பின்னால் அன்பு. பள்ளம், மேடு, திருப்பம், பிரேக் எல்லாவற்றையும் முன்னால் இருப்பவள் வாயால் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் பெசன்ட் நகரில் ஒரு தெரு திரும்பியதும், வெள்ளைக் கோடு போடாத புது வேகத்தடை ஒன்று திடீரென்று எதிரே வந்தது. ஆஷா பார்த்தாள். பார்த்த கணத்தில் அவள் உடம்பு தானாக சீட்டிலிருந்து எழும்பித் தன்னைக் காத்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. பின்னால் எதுவும் தெரியாமல் முழு வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்த அன்பு தூக்கி எறியப்பட்டாள். சைக்கிள் சாய்ந்தது. ஆஷாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அன்புவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அவளை வீட்டில் விட்ட பிறகு ஆஷா அந்தப் பக்கம் போகவில்லை. குளத்துக்கும் போகவில்லை, ஓட்டத்துக்கும் போகவில்லை. அன்பு போன் செய்தாள், எடுக்கவில்லை. அய்யாதுரை செய்தார், எடுக்கவில்லை. விடியற்காலையில் பழையபடி கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். விசில் அடிக்கும் தேசம்மா, இந்த முகத்தைப் பார்த்து விசிலை நிறுத்திவிட்டு டீ வாங்கி வந்து கொடுக்க ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை மீன் அங்காடியில் கூட்டம். வஞ்சிரம், சங்கரா என்று ஆஷா குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே ஒருத்தி கோலைத் தட்டியபடி வந்து கடைக்கு முன்னால் நின்றாள். இடது கையில் மாவுக்கட்டு.

"சங்கரா நல்லாக்கீதா அக்கா?"

அன்பு காத்திருந்தாள்.

"கை ஒடிஞ்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல" என்றாள் பிறகு. "நீ போன் எடுக்கலியே, அதுக்குத்தான் கோவம்."

"நான் பாத்தேன் அன்பு. பாத்துட்டு சொல்லல. வாயே வரல."

"தெரியும். நீ மட்டும் எழுந்துக்கினது பின்னால எனக்குத் தெரிஞ்சுது." அன்பு குரலைத் தாழ்த்தினாள். "வேற ஆள் பாக்கலாம்னு அய்யாதுரை சார் சொல்றாரு. பாக்கட்டுமா, வேணாமா? அத நீ சொல்லு. நான் நின்னுக்கினு இருக்கேன்."

ஆஷா சங்கராவை எடுத்துச் செதில் உரித்தாள். வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்தாள். துண்டு போட்டு, பையில் கட்டி, அன்புவின் நல்ல கையில் மாட்டினாள். மாட்டிய பிறகு, "கட்டு எப்ப பிரிப்பாங்க?" என்று கேட்டாள்.

மறுநாளே அவள் அய்யாதுரையைத் தேடிப் போனாள். சைக்கிளின் முன் சீட்டில் அவரை உட்காரச் சொன்னாள். தான் பின்னால் ஏறி, துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். திருவான்மியூரிலிருந்து கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டுதான் போனார். இருந்தும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை நெரித்தாள். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனபோது கத்தியேவிட்டாள். ஒரு வார்த்தை ஒரு கணம் முன்னால் வந்தால் எப்படி இருக்கிறது, பின்னால் வந்தால் எப்படி இருக்கிறது என்பது அவளுக்கு உடம்பில் புரிந்தது. அன்பு இத்தனை நாள் எதை நம்பி இப்படி உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தாள் என்று வழியெல்லாம் யோசித்தபடி வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு சைக்கிளில் ஆஷாவின் வாய் ஓயவே இல்லை.

கட்டுப் பிரித்து, கை பழகியதும், மிச்சம் இருந்தது கடல். குளத்து நீச்சலைப் பற்றி ஜான்சன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடலில் நீந்தப் போகிறேன் என்றதும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"இன்னாமே, தொட்டித் தண்ணின்னு நெனச்சிக்கினியா?"

இரண்டு நாள் கழித்து, வலையைச் சரிபார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகவில்லை, போட்டை எடுக்கிறேன், இறங்குவதென்றால் என் கண் முன்னால் இறங்கு என்றான்.

அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் சரியில்லை என்று வடக்கே சாந்தோமுக்கு நேராகக் கொண்டுபோய், அலை உடையும் இடத்தைத் தாண்டி எஞ்சினை நிறுத்தினான். அன்பு மிதவையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்துவிட்டாள். ஆஷா போட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள். கீழே ஆடும் நீரைப் பார்த்தாள். தூரத்தில் கோயில் கோபுரம், குடியிருப்பு மாடிகள், அவள் வாழ்க்கை முழுவதும் நடந்த கரை. இங்கிருந்து அது இவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று அவள் நினைத்ததில்லை. அன்றைக்கு அவள் இறங்கவில்லை. ஜான்சன் ஏன் என்று கேட்காமல் எஞ்சினைப் போட்டான். அடுத்த வாரம் இறங்கி, போட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு அலை வந்து தூக்கி இறக்கியபோது கை தானாக விட்டுவிட்டது. கண்ணை மூடி, தலையைத் தண்ணீருக்குக் கொடுத்தாள். உப்புத் தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிட நன்றாகத் தாங்கியது. அன்பு, தண்ணீர்ச் சத்தம் வந்த திசையில் நீந்தி வந்து அவள் தோளைத் தொட்டாள். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தார்கள்.

போட்டி ஜனவரிக் கடைசியில், கோவளத்துக்குப் பக்கத்தில். அந்த வாரம் பார்த்துக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு கிளம்பியது. விடியலில் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கச் சிவப்புக் கொடி. அலை ஆளுயரத்துக்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது. நீச்சல் ரத்து, அதற்குப் பதிலாக முதலில் ஒரு சின்ன ஓட்டம் என்று மைக்கில் அறிவித்தார்கள். சுற்றிலும் இருந்தவர்களில் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆஷா மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

பயம் விட்டுப்போன அழுகை என்று அன்பு நினைத்தாள். பக்கத்தில் குனிந்து, இனி பயமில்லை என்று முதுகைத் தடவினாள்.

"அதுக்கு அழல" என்றாள் ஆஷா. "எறங்கணும்னு வந்தேன் அன்பு. இம்மாம் வருசம் கயிச்சி, எறங்கணும்னு வந்தேன்."

அன்புவுக்கும் அதே ஏமாற்றம்தான். ஆனால் ஆஷா கடலைக் கேட்டு அழுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கையைக் கொடுத்து எழுப்பிவிட்டாள். கயிற்றை மாட்டிக்கொண்டார்கள்.

ஓடினார்கள், மிதித்தார்கள், மறுபடி ஓடினார்கள். சைக்கிளில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. அவர்களைத் தாண்டிப் போனவர்கள், முன் சீட்டில் ஒரு பெண் கடல், கொடி, போலீஸ்காரர், கொய்யாப்பழக்காரி என்று விடாமல் சொல்லிக்கொண்டு போவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் இடத்தில் முடித்தார்கள். மெடல் போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். வரும் வழியில் வேனில், முடித்த மாதிரியே இல்லை என்று அன்பு சொன்னாள். ஆஷா தலையாட்டிவிட்டு, அது அன்புவுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, ஆமாம் என்று வாயால் சொன்னாள்.

பிப்ரவரியில் கடல் அடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் ஏற்பாடு செய்யாத ஒரு போட்டி பட்டினப்பாக்கத்தில் நடந்தது. ஜான்சன் போட்டை எடுத்தான். போட்டியில் நீந்த வேண்டிய தூரத்தை அவனே கடலில் உத்தேசமாக அளந்து கொடுத்தான். அய்யாதுரை இருவர் சைக்கிளைக் கரையில் தயாராக நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். தேசம்மா இரண்டு கடைகளையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கடையைப் போட்டது போட்டபடி வந்து கரையில் நின்றாள்.

பாதித் தூரத்தில் ஆஷாவுக்கு ஒரு முறை மூச்சு முட்டியது. வாயில் தண்ணீர் போய், கை தாளம் தப்பி, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு கணம் திணறினாள். ஜான்சன் போட்டில் எழுந்து நின்றுவிட்டான். கயிறு இழுபட்டதில் அன்பு நின்றாள். பக்கத்தில் மிதந்தாள். ஆஷா மல்லாக்கப் புரண்டு வானத்தைப் பார்த்து நாலு மூச்சு வாங்கினாள். பிறகு, "நேரா கீது, போலாம்" என்றாள். அந்த நேரம் மீனோடு திரும்பிக்கொண்டிருந்த போட்டுகள், தண்ணீரில் இரண்டு தலைகளைப் பார்த்துவிட்டு எஞ்சினைக் குறைத்து ஒதுங்கிப் போயின. அவள் யார் என்று தெரிந்ததும் ஒரு போட்டிலிருந்து சத்தம் போட்டு உற்சாகப்படுத்தினார்கள். எல்லாரும் தினமும் அவளிடம் மீன் கொடுக்கிறவர்கள்.

கடைசி அலை இருவரையும் சேர்த்து உருட்டிக் கரையில் தள்ளியது. மணலும் உப்புமாக எழுந்து சைக்கிளுக்கு ஓடினார்கள். அடையாறு, திருவான்மியூர் என்று போய்த் திரும்பி, லூப் ரோட்டில் ஓட்டத்தை முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. மெடல் இல்லை, மைக் இல்லை. ஆஷா நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்து, கிடைத்த தண்ணீரையெல்லாம் குடித்தாள். அன்பு அவள் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, இன்றைக்குக் கடை உண்டா இல்லையா என்று கேட்டார். ஆஷா ஈர உடையோடு எழுந்து போய் அவருக்கு மீன் வெட்டிக் கொடுத்தாள்.

அடுத்த போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். இந்த முறை நீச்சல் இன்னும் கொஞ்சம் நீளம். ஒரு மாலை ஜான்சன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "போட்டிக்கு நம்ம போட்ட எடுத்துக்கினு வரக்கூடாதாமா?"

அதற்கென்று அவர்களே ஆட்கள் வைத்திருப்பார்கள், வெளி போட்டை விட மாட்டார்கள் என்று ஆஷா விளக்கினாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப நான் கரையில நிக்கறேன்" என்றான்.